வஜீதா பக்கம் போன அட்டை

வஜீதாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் மணிவேல் சார். எங்கள் அறக்கட்டளையின் ஆண்டு மலரில் ஊழியர் ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுத வேண்டுமாம். “நல்லதா நாலு விஷயம் எழுதுங்க உண்ணாமலை, நீங்கதான் அவங்ககூட ஜாஸ்தி பழகினவங்க” என்றார். பழகியது உண்மைதான். மூன்று வருடமாக எதிர் மேசையில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். நல்ல விஷயம் நாலென்ன, நாற்பதுகூடச் சொல்லலாம். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அவளுடைய அப்பா நசீர் அகமது பஜாரில் மாற்றுச் சாவி செய்து தரும் கடை வைத்திருக்கிறார். வஜீதா இந்த ஊரிலேயே பிறந்து, பிளஸ் டூ வரை படித்து, வேலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஏழாவது வருடம் கணவர் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். மகள் ஷாஹீனைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கே திரும்பினாள். நாலு வருடம் துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டினாள். அந்த வேலையில் ஆளைப் பார்த்ததும் எடை போடப் பழகியிருப்பாள் போல. எங்களிடம் வேலைக்கு வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது.

எங்களுக்கு வேலை வீடு வீடாகப் போவது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், விதவை உதவித்தொகைக்கு மனு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். தமிழ் பேசும் வீடுகள், உருது பேசும் வீடுகள், தெலுங்கு வீடுகள், வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்து வேங்கிக்கால் பக்கம் தங்கிவிட்டவர்கள் என எல்லாரும் உண்டு. பீகார்க்காரப் பெண்களிடம் நான் ஒன்பது வருடம் கையை ஆட்டித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இவள் வந்த மறுநாளே அவர்களோடு உட்கார்ந்து இந்தியில் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன். “சும்மா, உங்களப்பத்திதான்க்கா” என்று அதற்கும் சிரித்தாள். அன்று இரண்டு இட்லி மிச்சம் வைத்தேன்.

இதில் மணிவேல் சார் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பொங்கல் முடிந்து வரும் சனிக்கிழமை எங்களுக்கு அட்டை நாள். ஊழியர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார வேண்டும். குடும்பங்கள் வரிசையில் வந்து, இந்த வருடம் தங்கள் வீட்டுக்கு யார் வர வேண்டுமோ அவர் மேசையில் தங்கள் பெயர் எழுதிய அட்டையை வைத்துவிட்டுப் போவார்கள். “உதவி வாங்குறவங்க கையிலயும் ஒரு முடிவு இருக்கணும்” என்பார் சார். அவருக்கென்ன, அவர் மேசை போட்டு உட்காருவதில்லை. மூன்று வருடத்தில் என்னை விட்டுப் போனது இருபத்தேழு குடும்பம். யார் பக்கம் கூடியது என்று சொல்லத் தேவையில்லை.

போகிறவர்கள் போகட்டும், தங்கம்மாள் போகக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான். தங்கம்மாள் என் முதல் குடும்பம். அவள் கணவன் இருசப்பன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவள் நான். அவன் செத்தபின் மகள் கவியாவைப் பள்ளியில் சேர்த்தது நான். கவியா இன்று ஓசூரில் வேலை பார்க்கிறாள் என்றால் அதற்கு யார் காரணம்? இத்தனைக்கும் பிறகு, போன கார்த்திகையில் தங்கம்மாள் என்னிடமே கேட்கிறாள், “அந்த வஜீதா பொண்ணு எங்க வூட்டுப் பக்கம் வராதா மேடம்?” என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தங்கம்மாள் வீட்டுக் கூரையை மாற்றித்தர எங்கள் அறக்கட்டளை ஒத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பன்னிரண்டு கேள்விகள் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலைக்குள் கொடுத்தாக வேண்டும். நான் அதை ஒரு வாரம் மேசை டிராயரிலேயே வைத்திருந்தேன். தீபத்தன்று காலை வஜீதாவுக்குப் போன் செய்தேன். “பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடறான். கீழ்பென்னாத்தூர்ல இருந்து என்னால வர முடியாது. டிராயர்ல படிவம் இருக்கு, நீ போய் கேட்டு எழுதிட்டு வந்துடு” என்றேன். பஸ் விஷயம் பொய்யில்லை. சொல்லாமல் விட்டது வேறு. இருசப்பன் போனதிலிருந்து தீபத்தன்று தங்கம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், மலைமேல் தீபம் தெரிகிறவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டாள். வஜீதா கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு விரதத்தைக் கெடுப்பாள், தங்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இவள் அவமானப்பட்டுத் திரும்புவாள் என்று கணக்குப் போட்டேன். கூரை என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் அது பொய்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே படிவம் என் மேசையில் இருந்தது. பன்னிரண்டுக்கும் பதில், அழகான கையெழுத்தில்.

“அவங்க விரதம்னு ஏன்கா சொல்லல?”

“மறந்துட்டேன்.”

“பரவால்லக்கா. மத்தியானம் போனேன், வாயே தொறக்கல. சைகை காட்டினாங்க, புரிஞ்சுடுச்சு. நோன்பு நேரத்துல நம்மகிட்ட யாராவது நைநைன்னு கேட்டா எரிச்சலா வராது? நானும் வாய மூடிக்கினு உக்காந்து திரி திரிச்சுக் குடுத்தேன். மலைல தீபம் தெரிஞ்சதும் அவங்க ஆரம்பிச்சாங்க பாருங்க, எட்டு மணி வரைக்கும் நிறுத்தலயே!”

உள்ளூரிலேயே பிறந்தவளுக்குத் தீபத்தைப் பற்றித் தெரியாது என்று நினைத்தவள் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற நான். அந்த மடத்தனத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எட்டு மணி வரை என்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் தங்கம்மாள் என்னிடம் அரை மணி சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

தையில் அட்டை நாள் வந்தது. தங்கம்மாள் வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் மேசையில் இருந்த அட்டைகளை ஒதுக்கி இடம் செய்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் வஜீதா மேசையில் அட்டையை வைத்தாள். வஜீதா உடனே என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெற்றி இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பாவம் பார்ப்பது போல இருந்தது. அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

எழுந்து வாசலுக்குப் போய்த் தங்கம்மாளை நிறுத்தினேன். “அவ உனக்கு என்ன செஞ்சா?” என்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

“ஒண்ணும் செய்யல மேடம்.”

“அப்புறம்?”

தங்கம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள். “நீங்க செஞ்சத நான் மறக்கல மேடம். மறக்க நீங்க எங்க வுட்டீங்க? வரப்பல்லாம் ரத்தம் குடுத்தத சொல்லுவீங்க, கவியாவ சேத்தத சொல்லுவீங்க. நானும் கும்புடுவேன். நீங்க வரீங்கன்னா பக்கத்து வூட்ல சேர் வாங்கியாந்து போடறேன், அந்தப் பொண்ணு தரையில குந்திக்கினு பூண்டு உரிக்குது. பன்னெண்டு வருஷமா நன்றி சொல்லியே ஓஞ்சுபோயிட்டேன். ஒரு வருஷம் சும்மா இருக்கறேனே, கோச்சுக்காதீங்க.”

எத்தனையோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். “உனக்காக நான்” என்றுதான் வந்தது.

அதைக் கேட்டதும் தங்கம்மாளின் கைகள் இரண்டும் தாமாகவே கும்பிட மேலே எழும்பின. நான் மீதியைச் சொல்லவில்லை.