கடைசிச் சரணத்துக்குள் வந்துவிடும் சாமி

எங்களுடையது நியூ வேவ் ராக் பேண்டு. தர்மபுரியில் யாராவது அப்படியென்றால் என்னவென்று கேட்டால், கிடாரைவிட கீபோர்டு சத்தம் தூக்கலாக இருக்கும், பாடுகிறவன் சிரிக்கக் கூடாது என்று விளக்குவோம். "அப்ப ஆர்கெஸ்ட்ரா தானுங்க?" என்பார்கள். பாடுவதும் பாட்டு எழுதுவதும் நான். கீபோர்டு என் கல்லூரி நண்பன். என் அறையில்தான் கிடப்பான். அம்மா போன் செய்தால் எடுக்கமாட்டான், சொந்த ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். டிரம்ஸ்காரனைச் சேர்த்ததற்குக் காரணம், அவன் மாமா பந்தல் காண்டிராக்டர்.

உருப்படியாக ஒரே ஒரு சொந்தப் பாட்டு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான், ஊருக்குப் போகும் கடைசி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஏறினானா இல்லையா என்பது கடைசிச் சரணத்தில் வரும். அந்தச் சரணத்துக்காகத்தான் பாட்டையே எழுதினேன். அதற்கு முன்னால் நண்பன் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். சரணத்தை ஒருமுறை ஊர் முன்னால் பாடிவிட்டால் ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று நம்பினேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு மாரியம்மன் பண்டிகையில், ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வராததால் எங்களை மேடையேற்றினார்கள். அந்த நாலு சுரம் சுற்ற ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஓர் அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. அவரைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவருக்கும். நான் சரணத்துக்கு வாயைத் திறந்தேன். விழாக் குழுத் தலைவர் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை, கீபோர்டு பக்கம் திரும்பி ஒரு வார்த்தை.

"நீ செத்த கம்முனு இருப்பா. தம்பி, நீங்க பொட்டிய நிறுத்தாதீங்க. சாமி மலையேறட்டும்!"

கற்பூரம் காட்டி, சாமி மலையேறி முடிந்தபோது பாட்டும் முடிந்துவிட்டிருந்தது.

அதிலிருந்து எங்களுக்குச் சுக்கிர திசை. 'சாமி வரவைக்கிற பசங்க' என்று பேர் பரவி, வத்தல்மலை அடிவாரம் வரைக்கும் கூப்பிட்டார்கள். ஃப்ளெக்ஸில் கறுப்புக் கோட்டும் கடுகடுத்த முகமுமாக நாங்கள், நடுவில் திரிசூலம். எந்த ஊருக்குப் போனாலும் நாலு சுரம், சாமி, கற்பூரம், மூட்டைகட்டு. என் சரணத்தை ஒரு ஈ காக்காகூடக் கேட்டதில்லை.

"சாமியே நம்ம பாட்டுக்கு ஆடுது, உனக்கென்னடா கொறை?" என்பான் டிரம்ஸ்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் சாமி கும்பிடுகிறவன்தான். ஆனால் ஒரு சரணம் முடியும்வரை பொறுக்காத சாமியை என்னவென்று சொல்வது?

கடைசியில் நண்பனின் சொந்த ஊரிலிருந்தே அழைப்பு வந்தது. அங்கே சரணத்தை முடித்த பிறகுதான் நாலு சுரம் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பழக்கதோஷம், அவன் கை அதுபாட்டுக்கு அந்த நாலு சுரத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் தலைவிரிகோலமாக மேடையேறினார். அவனுடைய அம்மா.

"எம் புள்ளைய விடு! இந்தப் பொட்டி இனி வேணாம். அவன வூட்டுக்கு அனுப்பு!"

எனக்கு வந்த கோபத்தில் மைக்கிலேயே சொன்னேன்: "ஆத்தா, ஆடி மாசம் வரைக்கும் புக்கிங் இருக்குதுங்க."

"எங்கிட்டயே வாய்தா கேக்கறியா?" என்று வேப்பிலையால் என் முதுகில் ஒரு போடு விழுந்தது. நண்பன் கீபோர்டை அணைத்துவிட்டு, குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டான். "சாமியே சொல்லிடுச்சு, நான் என்னடா பண்ணட்டும்?" என்றான். குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. சாமி கலைத்த பேண்டுக்கு எந்த ஊரில் மேடை கிடைக்கும்? டிரம்ஸ்காரன் மாமாவோடு பந்தல் போடப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் என் ஒயர்களை எடுக்க நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவனுக்குக் களியும் கீரையும் வைத்துக்கொண்டிருந்தவர், எனக்கும் ஒரு தட்டு எடுத்தார். ராத்திரி கத்தியதில் அவருக்குக் குரல் கட்டியிருந்தது.

"ராத்திரி என்ன சொன்னேன்னு எனக்கு ஒண்ணும் தெரியல கண்ணு. அதுக்கு முன்ன நீ பாடுனது மட்டும் நெனப்பிருக்குது. பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் குந்தியிருப்பானே, அவன் அந்தக் கடைசி பஸ்ஸப் புடிச்சானா இல்லியா? வூட்டுக்கு வந்தானா?"

இத்தனை ஊரில் அதைக் கேட்ட முதல் ஆள். கேட்க வந்த கேள்வியெல்லாம் மறந்து, அழுகை முட்டியது. என் சரணத்தில் அவன் ஏறமாட்டான். பஸ் போய்விடும், அவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அதுதான் அந்தப் பாட்டு. நண்பன் களியை உருட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"வந்துட்டானுங்கம்மா," என்றேன்.