நாலாவது இருமல்

ஊரே இருமல் நிற்க மருந்து தேடிக்கொண்டிருக்கும்போது, "தயவுசெய்து இருமுங்க" என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. காசநோய் உள்ளவர்களின் இருமலுக்கும் சாதாரண இருமலுக்கும் ஓசையில் ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறதாம். நம் காதுக்குப் பிடிபடாத அந்த வித்தியாசத்தை செல்போனில் இருக்கும் ஒரு செயலிக்குப் பழக்கிவிட முடியுமா என்று உலகத்தில் பல இடங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோயமுத்தூரில் எங்கள் சின்னக் குழுவும் பார்க்கிறது. முடிந்துவிட்டால், எக்ஸ்ரே எட்டாத ஊரில்கூட ஒரு போனை நீட்டி, "இவருக்கு உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள்" என்று சொல்லிவிடலாம். நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும். அதற்கு நோயுள்ள இருமலும் வேண்டும், நோயில்லாத இருமலும் வேண்டும். ஆளுக்கு மூன்று இருமல். பொறுக்கிக்கொண்டு வருவது என் வேலை.

கதவு தட்டிப் பிழைக்கிறவர்களே, வாக்காளர் பட்டியலுக்கோ, காப்பீட்டுக்கோ, கொசு ஒழிப்புக்கோ நீங்கள் எதற்காக அலைந்தாலும், "யாருங்க?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்திருப்பீர்கள். ஒரே ஒருமுறை "உங்க இருமல் வேணுங்க" என்று சொல்லிப் பாருங்கள். வாசலில் இருக்கும் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கும். கீழே வருகிறவர்களின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். இருமலை மாற்றவில்லை.

முகத்துக்கு நேராக

சிங்காநல்லூரில் ஒரு பெரியவர். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு போனை நீட்டினேன். அவர் சட்டென்று எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து வாயில் வைத்துக்கொண்டு இருமினார். போனில் பதிவானது முழுக்க முழுக்கத் துண்டு.

"ஐயா, இப்படித் திரும்பி, போனைப் பார்த்து இருமணும்" என்றேன். மறுபடி சுவர், மறுபடி துண்டு. போனை ஸ்டூலில் வைத்துவிட்டு நான் வாசலில் போய் நின்றால்தான் ஆகும் என்றார். அப்படியே நின்றேன். அதற்குள் அவர் மனைவி காபியோடு வந்துவிட, அந்த அம்மாவுக்காக மறுபடி துண்டை எடுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசியில் அவரே என்னைச் சமாதானப்படுத்தினார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுக்கு வந்தவங்க மேல இருமிபோட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு காப்பி சாப்புடுங்கன்னு சொல்றதுங்க?"

விருந்தாளிக்கு என்று ஒரு இருமல்

பெரியநாயக்கன்பாளையத்தில் ருக்மணி அக்காவுக்கு வெட்கமே இல்லை. பட்டறை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "இருமலுங்களா? தாராளமா எடுத்துக்கோங்க" என்றார். ஆனால் வரவில்லை. கனைத்தார், தொண்டையைச் செருமினார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கொட்டாவிதான் வந்தது. "சித்தெ இருங்க, வாரேன்" என்று உள்ளே போனார்.

அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. காபி போடுகிறார் என்று நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க ஒரு நெடி. காய்ந்த எண்ணெயில் ஒரு பிடி வரமிளகாயை அள்ளிப் போட்டிருக்கிறார்! அக்கா இருமிக்கொண்டே ஓடி வந்தார், அவர் மகள் இருமினாள், பக்கத்து வீட்டில் இருமினார்கள், நான் இருமினேன். பெருமையோடு போனை வாங்கித் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டார். "அக்கா, எதுக்குங்க இப்படி?" என்று கண்ணைத் துடைத்தபடி கேட்டேன்.

"ஊடு தேடி வந்து கேக்கறீங்க, ஒப்புக்கு இருமிக் குடுத்தனுப்புனா நல்லாவாங்க இருக்கும்?"

மெஷினுக்கு வந்த சந்தேகம்

எங்கள் அலுவலகம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கின் மாடியில் இருக்கிறது. அங்கே பிரவீன் என்று ஒரு பொறியாளர் தம்பி. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நான் கொண்டுவரும் இருமல்களைக் கேட்பான். சாப்பிடும்போதும் கேட்பான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்பது அவன் அம்மாவின் தனிக் கவலை.

ருக்மணி அக்காவின் மிளகாய் இருமலைக் கேட்டதும் மெஷின் (செயலி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது) சிவப்புக் காட்டிவிட்டது. சிவப்பு என்றால் சந்தேகம், பச்சை என்றால் பயமில்லை. முறைப்படி அக்காவுக்குச் சளிப் பரிசோதனை செய்தோம். ஒன்றுமில்லை. எங்கள் குழுத் தலைவியான டாக்டர் மேடம் முதலில் சிரித்தார், அப்புறம் கவலைப்பட்டார். மெஷின் அதுவரை சரியாகக் காட்டியதெல்லாம் நோய் இருப்பது முன்பே தெரிந்தவர்களைத்தான். யாருக்கும் தெரியாத ஒருவரைக்கூட அது கண்டுபிடிக்கவில்லை. "இப்படியே போனால் இது வெறும் பொம்மை, மேரி" என்றார் மேடம். பிரவீன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"அக்கா, நாங்க இத்தனை நாளா அதுக்கு டிபியச் சொல்லிக் குடுத்தோம், நீங்க ஒரே நாள்ல ரசத்தச் சொல்லிக் குடுத்துட்டீங்க."

பூசை முடிந்த பிறகு

இருமலுக்குப் பஞ்சம் வந்தால் போக ஒரு இடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பங்குக் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின்போது அங்கே கேட்கும் இருமலை வைத்து ஒரு ஆராய்ச்சி நிலையமே நடத்தலாம். ஃபாதரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே உற்சாகம். பூசை முடிந்ததும் மைக்கில் விஷயத்தை விளக்கி, "விருப்பமுள்ளவர்கள் இருந்து இருமிவிட்டுப் போகவும்" என்று அறிவித்தார்.

பாதிக் கோயில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது. நான் போனை எடுத்தேன். அவ்வளவுதான், ஒரு தொண்டையிலிருந்தும் சத்தம் இல்லை. பிரசங்கம் முழுக்க இருமிக்கொண்டிருந்த முன்வரிசைத் தாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றுவதுதான் கேட்டது. ஃபாதர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"இந்த அமைதிய ஒரே ஒரு ஞாயித்துக்கெழமை எனக்குக் குடுத்திருக்கலாமுங்களே!"

நாலாவது இருமல்

மறுபடி சிங்காநல்லூர். குளத்துக்குப் பின்னால் ஒரு வீடு. சரஸ்வதி அக்கா தனியாகத்தான் இருந்தார். கணவர் பழனிச்சாமி கல்யாண சமையல்காரர், வெளியூரில் வேலை என்று சொன்னார். மூன்று இருமல் கச்சிதமாக, போனைப் பார்த்துக் கொடுத்தார். எனக்குக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு முறுக்கையும் கையில் திணித்து அனுப்பினார்.

மெஷின் சிவப்புக் காட்டியது. அக்காவின் சளிப் பரிசோதனை சுத்தமாக வந்தது. மறுபடியும் தப்பு! பிரவீன் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஹெட்போனை வாங்கி நானே மாட்டிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்தில், தெளிவாக. அதற்குப் பிறகு நான் "நன்றிங்க அக்கா" என்று சொல்வது. என் குரலுக்கு அடியில், தூரத்தில், இன்னொன்று. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

பிரவீனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் நான்கையும் தனித்தனியாக வெட்டி மெஷினுக்குக் கொடுத்தான். பச்சை. பச்சை. பச்சை. நாலாவது மட்டும் சிவப்பு. நாங்கள் இருவரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம். சந்தோஷமா பயமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"அக்கா, மெஷின் தப்புப் பண்ணலீங்க, அந்த ஊட்டுக்குள்ள இன்னொருத்தர் இருக்காரு."

திருப்பிக் கொடுக்கப் போனேன்

இங்கேதான் டாக்டர் மேடம் ஒரு குண்டைப் போட்டார். சம்மதம் வாங்காத இருமலை நாங்கள் வைத்திருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும். நியாயம்தான். இருமலை அழிக்கலாம், இருமிய ஆளை என்ன செய்வது? அவர் அந்த மூடிய அறையில் ஒவ்வொரு நாளும் இன்னும் நோயாளியாகிக்கொண்டிருந்தால்? கூட இருக்கும் அக்காவுக்கும் ஒட்டிக்கொண்டால்? "போய் உண்மையைச் சொல்லுங்கள். ஒளிந்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார் மேடம்.

ஸ்கூட்டியில் போகும்போது வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வாசலில் எல்லாம் மறந்துபோயிற்று. "அக்கா, உங்க வீட்டுப் பொருள் ஒண்ணு தெரியாம என்கூட வந்துடுச்சுங்க. கேக்காம எடுத்துட்டுப் போனது தப்பு. உங்க கண்ணு முன்னால அழிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லி, அந்த நாலாவது இருமலைப் போட்டுக் காட்டினேன். சரஸ்வதி அக்கா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பார்க்க அதை அழித்தேன். "அந்த இருமல் எங்களுக்கு வேண்டாமுங்க. அந்த மனுஷருக்கு ஒரே ஒரு பரிசோதனை மட்டும் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றேன்.

உள் அறைக் கதவு திறந்தது. பழனிச்சாமி அண்ணன் வந்தார். சட்டை அவர் உடம்பில் தொங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியூருக்குப் போகவே இல்லையாம். இருமல் ஆரம்பித்ததிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறாராம். முகூர்த்த மாதம் வருகிறது, யார் காதிலாவது விழுந்துவிட்டால்? அவருக்கு என்மேல் கோபம் இல்லை. கேள்விதான் இருந்தது.

"சமையக்காரன் இருமறான்னு தெரிஞ்சா, அம்மணி, அந்தப் பந்தில எவனுங்க வந்து உக்காருவான்?"

காது வேலை

அந்தக் கேள்வியை விடாமல்தான் எழுந்தார். ஆனால் பரிசோதனைக்கு வந்தார். டிபி என்று உறுதியாயிற்று. அன்றைக்கே மருந்து தொடங்கியது. "இது காற்றில் பரவுவது, சாப்பாட்டில் அல்ல. ஆனாலும் நான் சொல்லும்வரை சமையல்கட்டுப் பக்கம் போகாதீர்கள்" என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணன் தன் ஆட்களைக் கூப்பிட்டு அவரே விஷயத்தைச் சொன்னார். எல்லோரும் பரிசோதித்துக்கொண்டார்கள். யாருக்கும் இல்லை. ஒருவரும் அவரை விட்டுப் போகவும் இல்லை. அதைக் கேட்டபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நான் அழுதுவிட்டேன்.

முகூர்த்த மாதம் வந்தது. மாத்திரை கொடுக்கப் போனால் அண்ணன் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனைக் காதில் வைத்திருந்தார். மறுமுனையில் ஏதோ மண்டபத்து அடுப்பு. "டேய், எண்ணெ இன்னும் காயல, கடுகு போட்டுறாத" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆங், இப்பப் போடு" என்றார். படபடவென்று வெடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

"உங்க மெஷினு இருமலக் கேக்குது, நான் தாளிப்பக் கேக்கறேன், ரெண்டும் காது வேலைதானுங்களே?"

முதல் பந்தி

ஆறு மாத மருந்து முடிந்து, எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்த பிறகு அவரிடமிருந்து போன் வந்தது. "அம்மணி, ஒரு கல்யாணத்துல நிக்கறேன். மெஷினத் தூக்கிட்டு வாங்க, அந்தத் தம்பியவும் கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு மொளகா இருமல் வேணும்னீங்களே!" ருக்மணி அக்கா செய்த குழப்பத்துக்குப் பிறகு மெஷினுக்கு மிளகாய் இருமலையும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேடம் முடிவு செய்திருந்தார். நான் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை அண்ணன் நினைவில் வைத்திருக்கிறார்.

மண்டபத்தின் பின்கட்டில் சட்டை நிறைந்த உடம்போடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். "ரெடிங்களா?" என்று கேட்டுவிட்டு, கொதிக்கும் எண்ணெயில் ஒரு முறம் மிளகாயைத் தட்டினார். பின்கட்டே இருமியது. பிரவீன் போனைப் பிடித்துக்கொண்டு குதித்தான்; இத்தனை இருமலை அவன் ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. நெடி அடங்கிய பிறகு, கடைசியாக அண்ணன் முன்னால் போனை நீட்டினேன். துண்டு தோளிலேயே கிடந்தது. சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மண்டபத்துக்கே கேட்கும்படி மூன்று முறை இருமினார். திரையைப் பார்த்தேன். பச்சை. பிரவீன் அதைத் திருப்பி அவரிடம் காட்டினான். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

"நல்லாப் பதிஞ்சுக்கோங்க அம்மணி, இனி எனக்கு ஒளிஞ்சு இருமற வேல இல்லீங்க!"

அவர் அன்றைக்குச் சிங்காநல்லூரில் கேட்ட கேள்விக்குப் பதிலாக நான் முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தேன் என்பது ஆராய்ச்சியில் சேரும், ரசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கியது மட்டும் சேராது.