ஊர் எழுதாத மூன்று பேர்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருந்தேன். மூல நிரலோடு இலவசமாகக் கிடைத்த டேட்டாபேஸ் மென்பொருள் ஒன்றை, கணினியில் ஓடும் வடிவத்துக்கு நாங்களே கம்பைல் செய்து ஓட்டினோம். அதோடு வந்த சோதனைகள் அத்தனையிலும் அது தேறியது. அதை நானே எழுதிய மாதிரி ஒரு நடை எனக்கு வந்துவிட்டது.

ஊர் நெசவாளர்களின் விவரங்களை அதில் ஏற்றி வைத்திருந்தோம். நெசவாளர் சங்கத்து எழுத்தர் அம்மா, கண் முகாமுக்குப் பட்டியல் கேட்டு வந்தார். காது ஒடிந்த மூக்குக் கண்ணாடியைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தார். எந்தத் தாளையும் விரல் வைத்து வரிவரியாகத்தான் படிப்பார். செவிலிமேட்டுக்காரர்களுக்கு முதல் நாள், மற்றவர்களுக்கு மறுநாள். நான் நொடியில் இரண்டு பட்டியல்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் அவற்றைச் சங்கத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அரைமணி நேரம் படித்தார்.

"மூணு பேரு ரெண்டுலயும் இல்லியே சார்."

பார்த்தேன். அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள். அவர்களுக்கு ஊர் என்ற கட்டம் காலி. "தப்பில்லைங்கம்மா, டேட்டாபேஸ்ல அதான் விதி. காலியா இருந்தா செவிலிமேடுன்னும் சொல்ல முடியாது, செவிலிமேடு இல்லைன்னும் சொல்ல முடியாது. அதனால ரெண்டு பட்டியல்லயும் வராது" என்று வகுப்பே எடுத்தேன்.

"ஊர் தெரியலன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா சார்? கண்ணு தெரியலன்னு நேத்துகூட என்னாண்ட வந்து சொல்லிக்கினு இருந்தாங்க."

பதிலுக்குக் காத்திராமல், மூன்று பெயர்களையும் முதல் நாள் பட்டியலின் கீழே பேனாவால் எழுதிக்கொண்டு போய்விட்டார். மூவருக்கும் முகாமில் கண் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்றும் வாத்தியார்தான்; அந்த விதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். மாணவர்கள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அந்த அம்மா கேட்டதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.