வாசலுக்கு வழி விடுதல்

எங்கள் சாத்தூரில் கோயிலை வலமாகச் சுற்றுவோம். புவெனஸ் அய்ரஸில் டாங்கோ நடனம் ஆடுகிறவர்கள் இடமாகச் சுற்றுகிறார்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில் எதிரே போய் ஒரு பெரியவரை முட்டினேன். ஞாயிறு மாலைகளில் அந்த நடன மண்டபத்தில் எள் விழ இடமிருக்காது. பெண் கண்ணை மூடிக்கொள்வாள். முன்னால் போகிறவரை இடிக்காமல், பின்னால் வருகிறவரை மறிக்காமல் அவளைக் கொண்டுபோவது ஆணின் பொறுப்பு. கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த எனக்கு இங்கே சொந்தபந்தம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை, மண்டபத்துக்கு வரும் மார்த்தா என் கையைப் பிடித்து ஆடுகிறாள். அதுவும் போனால் இந்த ஊரில் என்னைத் தொட ஆளில்லை.

ஆனால் என் காலுக்கு ஒரு கோளாறு. தெருவாசல் பக்கம் வந்ததும் ஒதுங்கி நின்றுவிடும். பின்னால் வருகிற ஜோடி முதுகில் மோதும். மார்த்தா கண்ணைத் திறப்பாள்.

"வீட்டுக்குப் போகணுமா?"

"இல்லை. வழி விடுகிறேன்."

"யாருக்கு? ஒருத்தரும் வரலையே!"

அதற்குமேல் சொல்ல என்னிடம் ஸ்பானிஷ் இல்லை. தமிழிலும் அதற்கு வார்த்தை இருந்ததா தெரியவில்லை.

அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அக்கா. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. தீப்பொறி விழுந்தால் ஓடத்தான் அறைக்கு நாலு பக்கமும் வாசல். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நிலைப்படியில் சாய்ந்து நின்றால் போதும், "ஏலே, வாசலை மறைக்காத, அங்கிட்டு நகரு" என்று விரட்டுவாள். "இங்கன என்னக்கா வெடிக்கவா போகுது?" என்று சிரிப்பேன். ஒரு தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கடி. லோடு ஏற்ற வேண்டிய பெட்டிகளை வாசல்களிலேயே அடுக்கிவிட்டார்கள். வெடித்தபோது அக்கா உள்ளே இருந்தாள். ஓடுவதற்கு வழி இல்லை. எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன ஞாயிறு மண்டபத்துக்காரர் வந்து, இன்னொரு முறை சுற்றை மறித்தால் வெளியே உட்காரவேண்டியதுதான் என்றார். மார்த்தாவும், "இன்றைக்கு நிற்காதே, தயவுசெய்து" என்றாள். இசை தொடங்கியது. வாசல் நெருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் கடந்தேன். பின்னால் யாரும் மோதவில்லை.

"கற்றுக்கொண்டுவிட்டாய்!" மார்த்தா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அடுத்த சுற்றில் கூட்டம் சற்றே தேங்கியது. எங்களுக்கு நிற்க வாய்த்த இடம் வாசல்தான். அவள் தலை என் தோளில் இருந்தது. என் முதுகு வாசலை முழுக்க மறைத்திருந்தது. நகரச் சொல்லி யாராவது விரட்டமாட்டார்களா என்று காத்திருந்தேன்.