தாலிக்கொடியும் இரண்டாம் குழலும்

என் துவக்கில் மேலொன்று கீழொன்றாக இரண்டு குழல்கள்; விசை ஒன்றுதான். முதல் முறை இழுத்தால் கீழ்க்குழல் வெடிக்கும், மறுமுறை இழுத்தால் மேற்குழல் வெடிக்க வேண்டும். எனக்கு மட்டும் மறுமுறை விசை பேசாமல் கிடக்கும். நான் சுட வேண்டிய இரண்டாவது களிமண் தட்டு தன் பாட்டுக்குப் பறந்துபோய்ப் புல்லில் விழும்.

வேலை நாட்களில் எல்லர்ஸ்லி என்ற புறநகரில் ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவிலுள்ள, பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் கழகத்துக்குப் போகிறேன். அலுவலக ஆட்களோடு விளையாட்டாகப் போன இடம். முதல் தட்டுத் தூளானபோது இது என் விளையாட்டு என்று தெரிந்துவிட்டது.

நான் துவக்கு வாங்கி வந்த அன்று என் கணவர் தலையில் கை வைத்தார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீர் என்னடாவெண்டால் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறீர்."

"அங்க மற்றவன்ர கையில இருந்தது. இஞ்ச என்ர கையில இருக்கு," என்றேன்.

கழகத்தின் பெண்கள் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறு யாருக்கும் போவதை என்னால் பார்த்திருக்க முடியாது. ஆனால் போட்டியில் இரண்டு தட்டுகளை ஒன்றாக விடுவார்கள். ஒரு குழலோடு அங்கே போய் என்ன செய்வது? மாதக் கடைசி ஞாயிறு தேர்வு, அதற்குள் சரிசெய்து கொண்டு வா என்று அணித்தலைவி சொல்லிவிட்டார்.

துவக்குத் திருத்துபவர் விசையைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, தானே சுட்டும் காட்டினார். இரண்டு குழலும் வெடித்தன. முதல் வெடி பின்னால் உதைக்கும் உதையில்தான் விசை இரண்டாம் குழலுக்கு மாறும் என்று விளக்கினார். பின்கட்டை தோள் குழியில் இறுக்கமாக உட்காராவிட்டால் அந்த உதை வீணாகிவிடும். கட்டை எனக்கு நீளம் என்று அதையும் வெட்டிக் குறைத்து, நுனியில் ரப்பர் வைத்துத் தந்தார். நம்பிக்கையோடு போய்ச் சுட்டேன். பழைய குருடி, கதவைத் திறடி.

கழகத்து ஆண்கள் சுற்றி நின்று புத்தி சொன்னார்கள். இறுக்கிப் பிடி, முன்னால் சாய், மூச்சை அடக்கு. நிறைய மாட்டிறைச்சி சாப்பிடு என்று ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இறுக்கிப் பிடித்துப் பிடித்துக் கைதான் நீலம் பாரித்துக் கண்டியது.

தேர்வு நாள் காலை, உடுப்பு மாற்றும்போது கண்ணாடியில் அந்தக் கண்டலைப் பார்த்தேன். அது தோளில் இல்லை, மேற்கையில் இருந்தது. துவக்கை எடுத்து, இரண்டு குழலும் வெறுமை என்று பார்த்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தோளுக்குத் தூக்கினேன். கட்டை நேராகத் தோள் குழிக்கு வந்தது. தொடுவதற்கு முன்னால் என்னைக் கேட்காமலே வெளிப்பக்கம் விலகிக் கையில் போய் உட்கார்ந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடியும் விலகியது. தோள் குழியில் என்னதான் இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். என் தாலிக்கொடி இருந்தது.

யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியைச் சங்கிலி என்று சொல்ல முடியாது, அது பவுனில் முறுக்கிய கயிறு. மற்றப் பெண்கள் அதை வங்கியில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியோடு திரிவார்கள். எங்கள் நகரத்துக் கிளென் ஈடன் பகுதியில் எங்கள் ஆட்களின் வீடுகளில் நகைக் களவு நடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் கொடியைக் கழுத்தைவிட்டு இறக்கியதில்லை. எப்போதோ ஒரு வெடியின் உதையில் அது கட்டைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கி வலித்திருக்கிறது. அன்றிலிருந்து தோள் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. துவக்கிலும் பிழையில்லை, கட்டையிலும் பிழையில்லை! தனியே நின்று சத்தமாகச் சிரித்தேன்.

ஆனால் கை, கொடியைப் பூட்டும் சுரை இருக்கும் பின்கழுத்துக்குப் போக மறுத்தது. புருஷன் உயிரோடு இருக்கத் தாலியைக் கழற்றுவதா? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"இஞ்சருங்கோ, பிழையைக் கண்டுபிடிச்சிட்டன். கொடிதான் இடிக்குது."

அவர் கண்டலையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். "கழட்டினால் எங்க வைக்கிறது? கள்ளன் வந்தால்?"

சுவரோடு ஆணியடித்து இறுக்கிய துவக்குப் பெட்டியைக் காட்டினேன். இரும்புப் பெட்டி. அனுமதிப் பத்திரம் என் பேரில் இருப்பதால் அதன் பூட்டுத் திறப்பும் என்னிடம் மட்டும்தான்.

"தாலியைத் துவக்குப் பெட்டிக்குள்ளயோ?"

"துவக்கு வெளியில போகேக்க பெட்டி சும்மாதானே கிடக்குது?"

அடுப்பை அணைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். "நீர் கை வையாதையும். சுரையைப் பூட்டினவன் நான், நானே கழட்டுறன். அப்ப குற்றமில்லை."

அப்படி ஒரு விதி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் அவரே செய்த விதி என்றுதான் நினைக்கிறேன். அவர் மேல் அன்று எனக்கு அப்படி ஓர் அன்பு வந்தது.

கழகத்தில் என் முறை வந்தது. கட்டை தோள் குழிக்குள் போய்ச் சுகமாக உட்கார்ந்தது. குரல் கொடுத்தேன், இரண்டு தட்டுகள் எழுந்தன. முதலாவது தூள். விரலை விட்டு மறுபடி இழுத்தேன், இரண்டாவதும் தூள்! அடுத்த சோடியும் தூள், அதற்கடுத்ததும் தூள். அந்த இடம் உனக்குத்தான் என்று அணித்தலைவி என் முதுகில் தட்டினார். மாட்டிறைச்சிக்காரர் வந்து துவக்கில் என்ன திருத்தினாய் என்று கேட்டார். ஒரு சின்னப் பாகத்தைக் கழற்ற வேண்டியிருந்தது என்றேன். எந்தப் பாகம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து துவக்கைப் பெட்டிக்குள் வைத்தேன், கொடியை வெளியே எடுத்தேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"இடம் கிடைச்சுதோ?"

"ஓம்."

கொடியை வாங்கி, என்னைத் திருப்பி நிற்கவைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பின்கழுத்தில் சுரையைப் பூட்டினார்.

"வெடியும் கொளுத்தியாச்சு, தாலியும் பூட்டியாச்சு," என்றார். "இனி ஞாயிறுக்கு ஞாயிறு கல்யாணம்தான். மேளக்காரருக்குச் சொல்லிவிடட்டோ?"