இரண்டு விரல் தட்டு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்ததே பெரிது. தென்காசியில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் பட்டன் அழுத்தும் வேலை. அதுவும் போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டேதான் போவேன். பஸ் ஐந்து நிமிடம் தாமதித்தாலே இறங்கி ஓட ஆரம்பித்துவிடுவேன்.

அங்கே காலை நிகழ்ச்சியில் போனில் மக்களிடம் குறை கேட்டவர் ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. அவர் குரலைக் கேட்டதுமே பாதிக் குறை தீர்ந்துவிட்டதாக ஜனங்கள் நம்பினார்கள். உள்விவகாரம் எனக்குத்தான் தெரியும். பதில் சொல்ல முடியாத கேள்வி வந்தால் மேசையில் இரண்டு விரலால் தட்டுவார். உடனே நான் போனை வெட்டிவிட்டுப் பாட்டைப் போட வேண்டும். "அடடா, லைன் கட்டாயிட்டே!" என்று அவர் வருத்தப்படுவது எனக்கே உண்மைபோல இருக்கும்.

இந்த ஒரு திறமையை நம்பி பக்கத்து மேலகரம் பேரூராட்சியில் கவுன்சிலருக்கு நின்றார்.

"ஏலே, நான் ஜெயிச்சா பேரூராட்சில ஒனக்கு வேல. சும்மா பயந்து சாவாத. மைக்செட்ட மட்டும் பாத்துக்க."

வானொலி வேலையை விட்டுவிட்டு அவர் பின்னால் போனேன்.

பிரச்சாரக் கூட்டத்திலும் ஜனங்களிடம் ஒரு மைக்கைக் கொடுத்துக் குறை கேட்டார். முதல் இரண்டு பேர் அவரைப் புகழ்ந்தார்கள். அடுத்து ஒரு அக்கா மைக்கை வாங்கினார்.

"அண்ணாச்சி, ஐந்தருவில தண்ணி கொட்டுது. எங்க தெருக் கொழாய்ல காத்துதான் வருது. ரேடியோவுக்கு மூணு தடவ போன் போட்டேன். மூணு தடவையும் பாட்டப் போட்டுட்டிய. இப்ப சொல்லுங்க, என்ன செய்வீய?"

அவர் சிரித்தபடியே மேசையில் இரண்டு விரலால் தட்டினார். எதிரே நிற்கிற மனுஷியையும் போன் என்றே நினைப்பு. என் புத்தியாவது வேலை செய்திருக்கலாம். பேரூராட்சி வேலைதான் கண்ணுக்குள் நின்றது. அக்காவின் மைக்கை அணைத்துப் பாட்டைப் போட்டேன்.

"அடடா, லைன்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

அக்கா நேராக என்னிடம் வந்தார். "ஏலே, நீதானா அது?"

"மைக்கு கோளாறுக்கா."

"எனக்கு மட்டும் நாலு தடவையும் கோளாறோ? நல்லாப் பொழச்சிக்கிடுவலே."

குனிந்து ஒயரைச் சுற்றத் தொடங்கினேன்.

சிரித்த கூட்டமே ஓட்டும் போட்டது. ஜெயித்துவிட்டார். சொன்ன வேலையைக் கேட்க, பயந்து பயந்து அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, அந்த வேல விஷயமா..."

அதே சிரிப்பு. மேசையில் இரண்டு விரல் தட்டியது. பக்கத்தில் நின்ற ஆள் என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினான். பாட்டுப் போடத்தான் ஆளில்லை.