கிரகணத்தன்று நின்ற உலக்கை

எனக்கு ஒன்பது வயதானபோது, என்னைச் சின்னமனூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை ஓர் உலக்கை தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

மார்க்கையன்கோட்டையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்த வகுப்புகளையெல்லாம் நான் முடித்துவிட்டேன். பெண்பிள்ளைக்கு அது போதும் என்பது அப்பாவின் கட்சி. போதாது என்பது மாமாவின் கட்சி. மாமா அம்மாவின் தம்பி. மதுரைக் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தார். தலையில் கிராப்பு, கையில் கடிகாரம், வாயில் ஓயாத விவாதம். லீவுக்கு அவர் வந்துவிட்டால் இலையின் முன்னால்கூட அப்பாவுக்கும் அவருக்கும் சண்டைதான். அது இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது என்பாள் அம்மா.

அந்த வருஷம் மாமா வந்திருந்த சமயம் சூரிய கிரகணம் வந்தது. காலை எட்டரைக்குப் பிடித்துப் பத்தே முக்காலுக்கு விடும் என்று பஞ்சாங்கம் சொன்னது. மாமாவின் வாத்தியார் போட்டுக் கொடுத்த கணக்கும் அதையே சொன்னது. இதில் இரு தரப்புக்குமே கொஞ்சம் ஏமாற்றம்.

நல்லவேளையாக உலக்கை இருந்தது. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை வைத்தால், கிரகணம் முடியும்வரை அது தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

“அடி சமமா இருந்தா என்னிக்கு வச்சாலும் நிக்கும் மச்சான். கிரகணம் விட்டாலும் விழுகாது” என்றார் மாமா.

“விழுந்துட்டா?”

“வீரபாண்டிக் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுக்கிறேன். விழலைன்னா பிள்ளையச் சின்னமனூருக்குப் படிக்க அனுப்பணும்.”

“சரி மாப்ளே.”

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும், உலக்கை விழக்கூடாது என்று அன்று சாமி கும்பிட்ட ஒரே ஆள் அந்த ஊரில் நானாகத்தான் இருந்திருப்பேன்.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தி, சித்தப்பாவின் மனைவி, அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், சன்னலைச் சாக்கால் மறைத்த உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அதன் வழியே, முற்றத்துத் தாம்பாளத்தில் நிறுத்தியிருந்த உலக்கை மட்டும் அவளுக்குத் தெரியும்.

மாமா கண்ணாடித் துண்டில் விளக்குக் கரி பிடித்து எங்களுக்குச் சூரியனைக் காட்டினார். யாரோ கடித்துவிட்டு வைத்த அதிரசம் போல இருந்தது. நான் ஒரு தடவைதான் பார்த்தேன். எனக்குப் பார்க்க வேண்டியது வானத்தில் இல்லை.

பத்தே முக்கால் ஆயிற்று. வெயில் பழையபடி சுள்ளென்று அடித்தது. தெருவில் ஆட்கள் குளிக்கக் கிளம்பினார்கள். உலக்கை அசையவில்லை. பதினொன்றாயிற்று. மாமா கடிகாரத்தை அப்பாவிடம் நீட்டினார். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

உள்ளே சித்தி அழும் சத்தம் கேட்டது.

“நேரம் முடிஞ்சிருச்சுன்னு பெரியவுகளும் சொல்றாக, தம்பியும் சொல்றான். வெளிய வாத்தா” என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“உலக்கை நிக்குதே அக்கா. எல்லாருக்கும் விட்டிருச்சு. எனக்குத்தான் இன்னும் விடல.”

அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். சித்தி வாங்கவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்துப்போய், உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா கடிகாரத்தைப் பையில் போட்டார். முற்றத்தில் இறங்கி, உள்ளறைக்கு முதுகைக் காட்டி, தாம்பாளத்துக்கு முன்னால் நின்றார். அவருக்கு நேர் எதிரே, தாம்பாளத்தைப் பார்த்தபடி கட்டிலில் அப்பாவும், கட்டிலுக்குக் கீழே நானும் இருந்தோம். மாமாவின் கால் பெருவிரல் தாம்பாளத்தின் விளிம்புக்கு அடியில் போவதை நான் பார்த்தேன். விரல் லேசாக நிமிர்ந்தது. உலக்கை தடாலென்று சாய்ந்தது. மஞ்சள் தண்ணீர் மாமாவின் வெள்ளை வேட்டி முழுக்கத் தெறித்தது.

“விட்டிருச்சு தங்கச்சி. எந்திரிச்சு வா” என்றார் மாமா.

சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். செம்பை வாங்கி, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு சிரித்தாள்.

“மொட்டை எப்ப மாப்ளே?” என்றார் அப்பா, வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி.

“நாளைக்கே போயிட்டு வாறேன் மச்சான்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜெயித்த பந்தயத்தைக் காலால் எட்டி உதைத்த மனுஷனை என்னவென்று சொல்வது? மறுநாள் வழுவழுவென்று மின்னும் தலையோடு வந்து பொரிகடலையை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் மதுரைக்கு வண்டியேறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

சித்திக்குக் குண்டாக ஒரு பையன் பிறந்தான். எங்கள் வீட்டுக் கூரை இடியும்படி அழுதான்.

பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் அப்பா வண்டியைப் பூட்டினார். “ஏத்தா, நல்ல பாவாடையாப் பாத்துக் கட்டிக்க. சின்னமனூர் போயிட்டு வருவோம்” என்றார்.

வழிநெடுக வயல்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அப்பா ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு மாட்டைத் தட்டினார். பந்தயத்தில் ஜெயித்தது யார் என்பது பாவம் அவருக்கு மறந்தே போய்விட்டது என்று நினைத்தேன். எங்கே ஞாபகம் வந்துவிடுமோ என்று, பள்ளிக்கூட வாசல் வரும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.